லிமாவின் தெற்குக் குன்றுகளில், பொது அண்டாவின் அருகே

தென் அமெரிக்காவில் தன்னார்வப் பணிக்கோ உள்ளகப் பயிற்சிக்கோ போக விரும்புகிறவர்கள் பெரு நாட்டைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் குஸ்கோ நகரத்தைத்தான் கேட்கிறார்கள். மச்சு பிச்சு அருகில் இருக்கிறது, மலை இருக்கிறது, வெளிநாட்டு இளைஞர்களுக்கென்றே நடத்தப்படும் ஸ்பானிய மொழிப் பள்ளிகளும் இருக்கின்றன. நான் போனது லிமாவுக்கு. உணவியலில் முதுகலை முடித்த பிறகு, குழந்தைகளின் இரத்தசோகை தொடர்பாக வேலை செய்யும் ஒரு சிறிய உள்ளூர் அமைப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அந்த அமைப்பினர் விளம்பரத்தை விரும்பாதவர்கள் என்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்நகரத்தின் விளிம்பில் கூலியில்லாமல் உழைத்து ஊருக்குச் சோறு போடுகிறவர்கள் குன்றுகளின் மேல் குடியிருக்கும் பெண்கள். அவர்களுடைய அடுப்படியில் எனக்கு இடம் கொடுத்ததே அவர்கள் காட்டிய பெருந்தன்மை.

லிமா பாலைவனத்தில் எழுந்த நகரம். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் அந்த ஊரில் ஓராண்டில் பெய்யும் மொத்த மழையைவிடச் சென்னையில் ஐப்பசி மாதத்து ஒரு மாலைப் பொழுதில் அதிகம் கொட்டிவிடும். ஆண்டிஸ் மலையிலிருந்து இறங்கும் ரீமாக், சியோன், லுரின் என்ற மூன்று சிற்றாறுகளை நம்பித்தான் அத்தனை பேரும் இருக்கிறார்கள். மழை இல்லையே தவிர ஈரத்துக்குக் குறைவில்லை: ஜூன் முதல் செப்டம்பர் வரை பசிபிக் கடலிலிருந்து எழும் மூடுபனி நகரத்தின் மேல் கவிந்து கிடக்க, கரூவா என்று அவர்கள் சொல்லும் மெல்லிய தூறல் நாள் கணக்கில் நின்று நீடிக்கும். வானத்துக்குக் கழுதை வயிற்றின் நிறம் என்பது ஊரார் வழக்கு. பதினைந்து டிகிரி என்று கேட்டால் நமக்கு இதமாகத்தான் தோன்றும். துவைத்த துணி ஒரு வாரமானாலும் காயாத, போர்வைக்குள்ளும் ஈரம் புகுந்துவிடுகிற பதினைந்து டிகிரி அது என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான் சுர்கியோ பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கமோஸ் நிலையத்தில் முதலாம் தட மெட்ரோ ரயிலைப் பிடித்தால், தூண்களின் மேல் ஓடும் அந்த ரயில் தெற்கே வியா மரியா நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து குன்றடிவரை மோட்டோடாக்சி. அவற்றில் பல நம் நாட்டு பஜாஜ் ஆட்டோக்கள்தாம், முன்புறம் அன்னை மரியாளின் படமும் பின்புறம் காற்பந்துக் குழுவின் கொடியும் மாட்டியவை. அதற்கு மேல் படிக்கட்டு. மாநகராட்சி மஞ்சள் வண்ணம் பூசிக் கட்டிக்கொடுத்த படிகள் பாதிக் குன்றோடு நின்றுபோக, மிச்ச ஏற்றத்தை மண்ணில் வெட்டிய தடத்தில்தான் ஏற வேண்டும். கல்லை அடுக்கிச் சமப்படுத்திய சிறு சிறு தளங்களின் மேல் ஒட்டுப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள். உயரம் கூடக் கூட வறுமையும் கூடும், ஏனென்றால் சாலை எதுவரை போகிறதோ அதுவரைதான் தண்ணீர் லாரி வரும்; அதற்கு மேல் இருப்பவர்கள் நீளக் குழாய் இழுத்துப் பீப்பாய்களில் நிரப்பிக்கொள்கிறார்கள். குழாய் இணைப்புள்ள கடற்கரைப் பகுதிச் செல்வந்தர்கள் கொடுப்பதைப்போலப் பல மடங்கு விலையை இந்தக் குன்றுவாசிகள் ஒரு குடம் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கணக்கு, சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்த எனக்கும் சுருக்கென்றது.

இந்தக் குன்றுகளில்தான் பொது அண்டாக்கள் இருக்கின்றன. ஓயா கொமுன் என்பது ஸ்பானியப் பெயர். பத்துப் பதினைந்து குடும்பங்களிலிருந்து ஐம்பது அறுபது குடும்பங்கள்வரை ஒன்றுசேர்ந்து, முறைவைத்துச் சமைத்து, ஆளுக்கு ஒன்றிரண்டு சோல் விலையில் மதியச் சாப்பாட்டை எடுத்துப்போகும் ஏற்பாடு இது. சோல் என்பது அந்நாட்டு நாணயம். வயோதிகர், நோயாளிகள், வேலையிழந்தவர்கள் ஆகியோருக்குப் பணம் வாங்குவதில்லை. யாருக்கு வாங்குவதில்லை என்பதைக் கூட்டம் போட்டு, கைதூக்கி, நோட்டில் எழுதி முடிவுசெய்கிறார்கள்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1971-ஆம் ஆண்டு நிலமற்ற குடும்பங்கள் லிமாவின் பம்ப்லோனா பகுதியில் காலி நிலத்தில் குடியேறியபோது, அன்றைய வெலாஸ்கோ அல்வராடோ ராணுவ அரசு அவர்களைத் தெற்கே வெறும் மணல்வெளிக்கு மாற்றியது. அந்த மணல்வெளிதான் பின்னாளில் வியா எல் சல்வடோர் என்ற திட்டமிட்ட நகரப் பகுதியாகி, மக்களே தெருவாரியாகக் குழு அமைத்துக் கட்டியெழுப்பிய ஊர் என்பதற்காக 1987-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதைப் பெற்றது. எழுபதுகளின் இறுதியில் பெண்கள் சேர்ந்து சமைக்கும் மக்கள் உணவுக்கூடங்கள் லிமாவின் ஏழைப் பகுதிகளில் தோன்றின. 1984-இல் மேயர் அல்ஃபோன்சோ பர்ரந்தெஸ் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு தம்ளர் பால் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதைத் தெருவுக்குத் தெரு நடத்திக்காட்டியவர்களும் இதே பெண்கள்தாம்.

அவர்களுக்கு வந்த பெரிய சோதனை 1990 ஆகஸ்ட் 8. பணவீக்கம் அந்த ஆண்டு 7,000 விழுக்காட்டையும் தாண்டியிருந்த நிலையில், புதிதாகப் பதவியேற்றிருந்த ஃபுஜிமோரி அரசின் நிதியமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி விலைக் கட்டுப்பாடுகள் நீக்கப்படுவதை அறிவித்து, கடவுள் நமக்குத் துணைபுரியட்டும் என்று பேச்சை முடித்தார். மறுநாள் காலையில் ரொட்டி, பால், எரிபொருள் எல்லாமே பன்மடங்கு விலையில் நின்றன. என்னோடு சமைத்தவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர், அப்போது கையில் இருந்த காசுக்கு அரிசி வாங்க முடியாமல், தெருவிலிருந்த எல்லா வீட்டிலும் மிச்சமிருந்ததைக் கொண்டுவரச் சொல்லி ஒரே அண்டாவில் போட்டதாகச் சொன்னார். கடவுளைப் பற்றி அமைச்சர் சொன்னதை அவர் சொல்லும்போது மற்றவர்கள் சிரித்தார்கள். முப்பதாண்டுக்கு மேலாகியும் அந்தச் சொல் அங்கே கேலிக்குரியதாகவே இருக்கிறது.

பசியோடு போகவில்லை சோதனை. ஒளிரும் பாதை என்ற மாவோயிய ஆயுதக் குழு, தன் கட்டுப்பாட்டுக்குள் வராத எந்த அமைப்பையும் பொறுத்துக்கொள்ளவில்லை. உணவுக்கூடங்களையும் அவ்வாறே பார்த்தது. வியா எல் சல்வடோர் பெண்கள் கூட்டமைப்பின் தலைவராக இருந்து துணைமேயரான மரியா எலெனா மொயானோ, அக்குழு ஆயுதத்தைக் காட்டி மிரட்டி அறிவித்த வேலைநிறுத்தத்தை எதிர்த்து 1992 பிப்ரவரியில் அமைதி ஊர்வலம் நடத்தினார். மறுநாள், 15-ஆம் தேதி, தன் பிள்ளைகளின் கண்ணெதிரே சுட்டுக்கொல்லப்பட்டார். உடலை வெடிவைத்துச் சிதைத்தார்கள். அவருக்கு வயது 33. இந்தப் பெயரை நான் அங்கே போகுமுன் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் சமையற்கூடத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரிந்திருந்தது. குன்றுகளில் குடியிருப்போரில் பலர் அக்குழுவுக்கும் அரசுப் படைகளுக்கும் நடந்த போரின் காரணமாக அயகுச்சோ, உவான்காவெலிகா மலைநாடுகளிலிருந்து ஓடிவந்த கெச்சுவா மொழிக் குடும்பத்தினர். 1980 முதல் 2000 வரை நடந்த அந்த வன்முறையில் ஏறத்தாழ 69,000 பேர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள் என்று 2003-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூவர் கெச்சுவாவையோ வேறு பழங்குடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

பிறகு 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. உழைப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் முறைசாரா வேலையில் அன்றாடம் சம்பாதித்து உண்ணும் நாட்டில் வீட்டுக்குள் இரு என்று சொன்னால் அடுப்பு அணைந்துவிடும். பழைய உணவுக்கூடங்கள் எட்டாத உயரங்களில் புதிய பொது அண்டாக்கள் எழுந்தன. லிமாவில் மட்டும் அவற்றின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. நான் போனபோது தொற்று ஓய்ந்திருந்தது, அண்டாக்கள் ஓயவில்லை.

வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். கிழக்கே சாந்தா அனித்தாவில் உள்ள மொத்தச் சந்தையில் விற்காமல் தங்கிய காய்கறியை வியாபாரிகள் கொடுப்பார்கள், போய் வாங்கிவர இருவர். விறகு பிளக்க ஒருவர். உரிப்பதற்கும் நறுக்குவதற்கும் நால்வர். எரிவாயு உருளை கட்டுப்படியாகாததால் கட்டுமான இடங்களில் கழித்துப்போட்ட மரத்தைத்தான் எரிக்கிறார்கள். அதன் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நல்லதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். திங்கட்கிழமை மைசூர்ப் பருப்பின் முழு வடிவமான லெந்தெஹா, அந்த நாட்டில் திங்கள் என்றாலே வீட்டுக்கு வீடு அந்தப் பருப்புதான். மற்ற நாள்களில் உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கோழியின் கழுத்தும் காலும் போட்ட சூப், மஞ்சள் மிளகாய் அரைத்த குழம்பு, எப்போதும் பக்கத்தில் வெள்ளைச் சோறு. கிழங்கோடு சோறா என்று எனக்குள் இருந்த உணவியல் மாணவி முதல் வாரத்தில் புருவம் உயர்த்தினாள். மலையேறி வேலைக்குப் போய்வருகிற உடம்புக்கு அந்த மாவுச்சத்து தேவைப்படுகிறது என்பதை அதே மலை எனக்கும் விளங்கவைத்தது.

என் பணி ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. நான் அங்கே இருந்தபோது பெருவில் அந்த வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த எண்ணைக் கேட்டு இரக்கப்படுவதற்கு எனக்கு உரிமையில்லை: நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 67.1 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. வயது வரம்பு வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இங்கிருந்து அங்கே வழிகாட்டப் போகிறோம் என்ற நினைப்பு எழாமலிருக்க அந்த இரண்டு எண்களே போதும்.

அமைப்பின் செவிலியர் குழந்தையின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கருவியில் வைப்பார். வரும் அளவைப் பதிவது, எடையும் உயரமும் எடுப்பது, அந்த வாரச் சமையலில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு இரும்புச்சத்து போகிறது என்று கணக்கிடுவது ஆகியவை என் பொறுப்பு. அரசு கொடுக்கும் சத்துப்பொடியைப் பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள் என்பது எல்லாத் தாய்மாரும் சொன்ன புகார். அதற்கு மாற்றாக அங்கே எல்லோர் வாயிலும் அடிபடுவது சங்கிரெசித்தா, அதாவது உறையவைத்து வேகவைத்த கோழி இரத்தம். பெருவின் உணவு அட்டவணைகளின்படி அதன் 100 கிராமில் 29 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது, அதுவும் உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் வகை. வெங்காயமும் மிளகாயும் புதினாவும் சேர்த்து வதக்கினால் நம் ஊர் ஆட்டு இரத்தப் பொரியல்தான். மாட்டு மண்ணீரலையும் அதே நோக்கத்தோடு சமைக்கிறார்கள். சுவரொட்டி என்ற பெயரில் கருவுற்ற பெண்களுக்கு நம் பாட்டிமார் ஆட்டு மண்ணீரலைச் சுட்டுக்கொடுத்ததை நான் சொன்னபோது, இத்தனை தூரத்திலிருந்து வந்து எங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறாயே மகளே என்றார் சமையற்கூடத் தலைவி. அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

பருப்பில் இருக்கும் இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும், எலுமிச்சை பிழிந்தால் கூடும், சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் குறையும் என்பவை நான் பாடத்தில் படித்தவை. படிக்காதது, அந்தக் கடலில் கிடைக்கும் நெத்திலியின் கதை. பெருவின் கரையில் பிடிபடும் அஞ்சொவேட்டா என்ற நெத்திலி வகை, உலகில் ஒரே இனத்தை நம்பி நடக்கும் மிகப் பெரிய மீன்பிடித் தொழில். நல்ல ஆண்டுகளில் பல இலட்சக்கணக்கான டன் பிடிபடுகிறது. அதில் ஏறக்குறைய அனைத்தும் அரைக்கப்பட்டு மீன்மாவாகவும் மீனெண்ணெயாகவும் ஏற்றுமதியாகி, வேறு நாடுகளில் பண்ணை மீனுக்கும் பன்றிக்கும் தீவனமாகிறது. இரும்பும் புரதமும் நிறைந்த அந்த மீன் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குன்றுக்கு வருவதில்லை. வந்தாலும் வைத்திருக்கக் குளிர்பெட்டி இல்லை, எளிதில் கெட்டுவிடும் மீன் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தாய்மாருக்கு விழிப்புணர்வு போதாது என்று அச்சிட்ட கையேடுகளை வாசிப்பது எனக்குக் கடினமாகிவிட்டது.

உண்மையில் என்னால் அவர்களுக்குக் கிடைத்த பெரிய பயன் சத்துக்கணக்கு அன்று, பதிவேடு. 2022-இல் பெரு நாடாளுமன்றம் பொது அண்டாக்களை அங்கீகரித்துச் சட்டம் இயற்றியது. அதன்படி அரசு உணவுப்பொருள் வேண்டுமென்றால் உறுப்பினர் பட்டியல், அடையாள எண், வயது, முகவரி எல்லாவற்றையும் முறையாகப் பதிந்து வட்டார மாநகராட்சியில் கொடுக்க வேண்டும். முகவரி என்று ஒன்று இல்லாத குன்றில் இதை எப்படி நிரப்புவது? தலைவி ஒவ்வொரு வீடாகக் கூட்டிப்போனார், நான் மடிக்கணினியில் ஏற்றினேன். கெச்சுவா மட்டும் பேசும் மூதாட்டிகளிடம் அவர் கேட்டு எனக்கு ஸ்பானிய மொழியில் சொல்வார். ஒரே பெயர் இரண்டு அண்டாக்களில் வந்தால் பட்டியலே திரும்பிவிடும் என்பதால், பக்கத்துக் குன்றின் நோட்டோடு ஒத்துப்பார்த்துத் திருத்தினோம். வந்த அரிசியும் எண்ணெயும் மாதத்தில் சில நாள்களுக்கே போதுமானவையாக இருந்தன, ஆனாலும் வந்தன.

சட்டம் அங்கீகரித்தது அண்டாவை. சமைக்கும் கைகளுக்குச் சம்பளம் இல்லை. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளருக்கும் சமையலருக்கும் உதவியாளருக்கும் அரசு ஊதியம் தருகிறது என்று ஒரு நாள் உரித்துக்கொண்டே சொன்னேன். கத்திகள் நின்றன. எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஓய்வூதியம் உண்டா, நோயுற்றால் விடுப்பு உண்டா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். அந்தச் சத்துணவு ஊழியர்களும் முறையான காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். போராடுவதற்குச் சம்பளமாவது இருக்கிறதே என்றார் ஒருவர். அடுத்த வாரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தக் கேள்வி ஏறியது.

இதையெல்லாம் பார்த்த பிறகு, பணம் கட்டிச் சேரும் தன்னார்வத் திட்டங்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இரண்டு வாரம் வந்து காப்பகக் குழந்தைகளோடு விளையாடி, ஆங்கிலம் கற்பித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஏற்பாடுகள் தென் அமெரிக்க நகரங்களில் ஏராளம். மாதத்துக்கு நான்கு புது முகங்களோடு பழகிப் பிரிகிற குழந்தைக்கு அதனால் நன்மையில்லை; உள்ளூரில் ஆசிரியர் பயிற்சி முடித்தவருக்குக் கிடைக்க வேண்டிய வேலையும் போகிறது. ஆகவே விண்ணப்பிக்குமுன், என்ன வேலை என்பதை யார் முடிவுசெய்கிறார்கள், நீங்கள் கட்டும் தொகையில் எவ்வளவு அந்த ஊரில் தங்குகிறது, குழந்தைகளிடம் விடுவதற்கு முன் காவல்துறைச் சான்று கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்குத் தேவையில்லை என்று விடை வந்தால் அங்கே போகாதீர்கள்.

ஸ்பானிய மொழி தெரியாமல் லிமாவின் குன்றுகளில் எந்த வேலையும் நடக்காது. சென்னையிலேயே ஓராண்டு படித்துவிட்டுப் போனதால் நான் பிழைத்தேன். அப்படியும் பேருந்து நடத்துநர்களின் கூவல் புரியப் பல வாரங்கள் ஆயின. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் விசா ஆறு மாதமாவது செல்லும்படியாக இருந்தால் இந்தியர்கள் சுற்றுலாவுக்குப் பெரு விசா இல்லாமலேயே நுழையலாம். பயிற்சிக்கு அது போதுமா என்பதைப் புதுதில்லியிலுள்ள பெரு தூதரகத்தில் எழுதிக் கேட்டு, விடையையும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மிக முக்கியம். லிமாவில் அந்த நோய் பரவுவதில்லை. ஆனால் பெருவிலிருந்து திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் அந்த ஊசியைப் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும் என்பதால், பயணச்சீட்டு எடுத்தவுடனேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.